பரிசுப் பட்டியலில் மனிதர்

கிறிஸ்துமஸ் காலத்து ஆங்கிலப் பாடல்களுள் ‘பன்னிரண்டு நாட்கள்’ என்னும் எண்ணுப்பாட்டைப் போல் பலவாறு மாற்றிப் பாடப்பெற்றவை சிலவே. சென்ற டிசம்பரில் மாக் மண்டினில் நம் பிள்ளைகள் சிலர் அதனைப் பழகக் கேட்டோம். பேரி மரம் பப்பாளி மரமாயிற்று, கௌதாரி கிளியாயிற்று. மரமும் பறவையும் மாறியும் மாறாது நின்ற ஒன்றைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1780ஆம் ஆண்டளவில் லண்டனில் வெளிவந்த சிறுவர் நூலொன்றில் இப்பாட்டு அச்சேறியது. முன்னவர் சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினவர் தண்டம் இறுக்க வேண்டும். ஞாபக விளையாட்டாகவே அது வழங்கிற்று. நான்காம் நாளுக்குரியது முதலில் கரிநிறப் பறவை. 1909இல் பிரெடரிக் ஆஸ்டின் இன்றைய மெட்டை அமைத்துப் பதிப்பித்தபோது, வழக்கருகிய அச்சொல் ‘கூவும் பறவை’ என்றாயிற்று. பாட்டினுள் இரகசிய சமயபோதனை ஒளிந்திருப்பதாகச் சிலர் கூறுவதற்குச் சான்றில்லை. அதனை விடுத்து மேலே செல்வோம்.

எண்களைக் கண்டால் கூட்டிப் பாராதிருக்கத் தோட்டத்துக் கிராணியால் இயலாது. ஒவ்வொரு நாளும் முன்னாட் பரிசுகளும் மீண்டும் வருதலின் மொத்தம் 364. அவற்றுள் பறவைகள் 184. பொன் மோதிரங்கள் 40. எஞ்சிய 140ம் மனிதர்! பால் கறக்கும் பெண்டிர், ஆடும் சீமாட்டியர், துள்ளும் பிரபுக்கள், குழலூதுவோர், முரசறைவோர் ஆகிய அனைவரும் வாத்துக்கும் அன்னத்துக்கும் பின்னே பரிசாக வந்து நிற்கின்றனர். விளையாட்டுப் பாட்டில் இத்துணைக் குற்றம் காணலாமா என்பர். காணலாம் என்பதே நம் கட்சி. இந்திய அரசாங்கம் 1938இல் தடை விதிக்கும் வரை, கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு எண்ணிக் கொண்டுவரப்பட்ட கூட்டத்தின் வழிவந்தோர் நாம். பெரட்டில் பெயர் கூப்பிடும் செவிக்கு அவ்வோசை உறுத்தவே செய்கிறது.

மாற்றிப் பாடியோர் இதனை உணர்ந்தனரா? 1963இல் ஆலன் ஷெர்மன் என்னும் அமெரிக்க நகைச்சுவைப் பாடகர் பறவைகளை ஓட்டிவிட்டு ஜப்பானிய டிரான்சிஸ்டர் வானொலியை முதற் பரிசாக்கினார். இறுதியில் பரிசுகளைக் கடையில் மாற்றிக்கொள்ளப் போவதாக முடித்தார். நல்ல கேலிதான், ஆனால் பண்டம் குவிப்போரை மட்டுமே அது சுட்டது. 1981இல் கனடாவின் இருவர் அதே சட்டத்தில் பீரை ஊற்றினர். அதுபற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிட்ஸ்பர்க் நகரத்துப் பி.என்.சி. வங்கி 1984 முதல் ஆண்டுதோறும் இப்பரிசுகளுக்கு விலை கணித்து வருகிறது. விளம்பரமே எனினும், பாட்டுக்கு இதனினும் கூரிய உரையை நாம் கண்டதில்லை. பால் கறக்கும் எண்மருக்கும் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியாகிய மணிக்கு 7.25 டாலர் வீதம் 58 டாலர். 2009இல் நிர்ணயிக்கப்பட்ட அக்கூலி அதன்பின் ஏறவில்லை. துள்ளும் பிரபுக்கள் பதின்மருக்கோ 2023இல் 14,000 டாலருக்கு மேல்! பாட்டு மறைத்ததை விலைச்சீட்டு உரைத்துவிட்டது.

தொடர்ந்து நீளும் பாட்டு நம்மிடமும் உண்டு. தன் பெயரை மறந்த ஈ, கன்றையும் தாய்ப்பசுவையும் மேய்க்கும் இடையனையும் அவன் கைக்கோலையும் கோல் தந்த மரத்தையும் கேட்டுச் செல்கிறது. அடுத்து கொக்கு, குளம், மீன், வலைஞன், சட்டி, குயவன், மண், புல்; முடிவில் குதிரை கனைத்து விடை சொல்கிறது. இங்கே எவரும் எவர்க்கும் பரிசல்லர். ஒருவர் தொழிலைப் பற்றிக்கொண்டே மற்றொன்று வருகிறது. இடையனும் குயவனும் விடை அறிந்திருக்கக் கூடியவராய் மதித்து வினவப்படுகின்றனர். நினைவுக்கும் இதுவே துணை: எண்ணைப் பிடித்து நினைப்பதினும் உறவைப் பிடித்து நினைப்பது எளிது. ஆங்கிலப் பாட்டின் மெட்டு இனிது. பள்ளியில் நாமும் மகிழ்ந்து பாடியதே. கட்டமைப்பில் நம் ஈயின் பாட்டே மேலென்று துணிந்து கூறுவோம்.

மாக் மண்டின் பிள்ளைகள் எட்டாம் நாளை எட்டியபோது, பப்பாளி மரத்தடியிலும் அப்பெண்டிர் எண்மர் பரிசாகவே வந்து நின்றனர். பாடி முடிந்ததும் ஈயின் பாட்டு தெரியுமா என்று வினவினோம். மூவர் கை உயர்த்தினர். ஒருவன் மரத்தோடு நின்றான். ஒருத்தி குயவனிடம் தடுமாறினாள். மூன்றாமவள் குதிரை வரை வந்து, தானே கனைத்தும் காட்டினாள்.