கோட்டோவியங்களைத் திசையன் படங்களாக்கல்: ஒரு மதிப்பீடு

தாளில் மையாலோ பென்சிலாலோ வரைந்த கோட்டோவியத்தைக் கணினியில் திசையன் வரைகலைக் கோப்பாக மாற்றும் பணி, பாடநூல் தயாரிப்பு, அச்சுத்தொழில், துணி வடிவமைப்பு, இணையக் கலைக்களஞ்சியங்கள் எனப் பல துறைகளில் நடைபெறுகிறது. இப்பணியோடு ஓர் எண்ணமும் பரவியுள்ளது: திசையன் படமே முடிவான வடிவம், ஸ்கேன் செய்த மூலம் வெறும் இடைநிலை என்பதே அது. விளக்கப்படங்களுக்கும் சின்னங்களுக்கும் பொருந்தும் இவ்வெண்ணம் ஓவியரின் கோட்டுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மாற்றத்தின் இயல்பு

ஸ்கேன் செய்த படம் படவணுக்களால் ஆனது. பெரிதாக்கினால் கோட்டின் விளிம்பு படிக்கட்டுப் போலத் தெரியும். திசையன் படமோ கணுக்களையும் அவற்றை இணைக்கும் வளைவுகளின் கணக்கையும் சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. இவ்வளைவுகளின் பிறப்பிடம் ஓவியக்கூடம் அன்று. பிரான்சின் கார் நிறுவனங்களான சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனோவில் பியேர் பெசியேயும் கார்களின் வெளிக்கூட்டை வடிவமைக்க இவற்றை உருவாக்கினர். 1987இல் வெளிவந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் இவற்றை வரைகலைஞரின் மேசைக்குக் கொண்டுவந்தது. 2001இல் எஸ்.வி.ஜி. வடிவம் இணையத்துக்கான பரிந்துரையாக ஏற்கப்பட்டது.

பெசியே வளைவு எந்த நடுக்கத்தையும் எந்த முறிவையும் தாங்கக்கூடியதே. ஆனால் கணுக்கள் பெருகினால் கோப்பு கனக்கும், திருத்துவதும் கடினமாகும். ஆகவே மென்பொருள்கள் கணுக்களைக் குறைக்கவும் வளைவை வழவழப்பாக்கவும் முனைகின்றன. காரின் கதவுக்கு வழவழப்பு அழகு. பேனாக்கோட்டுக்கு அது எப்போதும் அழகன்று. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

மூன்று வழிகள்

முதலாவது, விளிம்பைத் தானாகப் பின்பற்றுவது. பீட்டர் செலிங்கர் எழுதிய பொட்ரேஸ் நிரல் இவ்வகை. கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப்பிலும் அது பயன்படுகிறது. இது முதலில் படத்தைக் கறுப்பு, வெள்ளை என இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. எந்த அளவு கருமையைக் கறுப்பு எனக் கொள்வது என்பதைப் பயனர் முடிவு செய்கிறார். அந்த அளவு சற்றுத் தவறினாலும் மெல்லிய பென்சில் கோடு மறைந்துவிடும், அல்லது நெருங்கிய இரு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். மேலும், ஒரு பேனாக்கோடு இங்கே கோடாக இராது. இரு கரைகள் கொண்ட மூடிய வடிவமாகிவிடும்.

இரண்டாவது, கோட்டின் நடுவை மட்டும் பின்பற்றுவது. கோடு கோடாகவே கிடைக்கும். ஆனால் தடிமன் முழுவதும் ஒன்றாகிவிடும். கை அழுத்திய இடமும் தளர்த்திய இடமும் பதிவாகா.

மூன்றாவது, ஸ்கேன் படத்தை அடியில் வைத்து, கணுக்களை ஒவ்வொன்றாக இட்டு மீண்டும் வரைவது. இதற்கு நேரமும் பயிற்சியும் வேண்டும். கிடைப்பது நகல் அன்று, இன்னொரு கையின் விளக்கம்.

பொருந்தும் இடங்கள்

இதயத்தின் குறுக்குவெட்டு, ஆற்றுப்படுகை வரைபடம், மின்சுற்று போன்றவற்றில் கோடு தகவலைத் தாங்குகிறது. வரைந்தவரின் கையை அன்று. இவற்றைத் திசையனாக்குவது பெரும் நன்மை. எஸ்.வி.ஜி. கோப்பில் பாகங்களின் பெயர்களை எழுத்தாகவே வைக்கலாம் என்பதால், ஒருவர் வரைந்த படத்தில் மற்றொருவர் தமிழ்ப் பெயர்களை இட முடிகிறது. பாடம் நடத்துவோர்க்கு இது சிறிய வசதி அன்று.

புள்ளிக்கோலமும் இம்முறைக்கு இயல்பாகவே இணங்கும். சிக்குக் கோலம் புள்ளிகளையும் அவற்றைச் சுற்றும் வளைவுகளையும் விதிப்படி கொண்டது. 1974இல் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினியியலின் இலக்கண முறைகளால் விவரித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். எனினும் இங்கு திசையனாவது கோலத்தின் அமைப்பு மட்டுமே. விரலிடுக்கில் மாவு தடித்தும் மெலிந்தும் விழுவது அதில் வராது.

பொருந்தாத இடங்கள்

தமிழ் இதழியலின் கோட்டோவிய மரபு இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரில் சில்பி கோயிற்சிற்பங்களை வரைந்தார். கல்லின் திரட்சியையும் நிழலையும் நுண்ணிய கோடுகளின் நெருக்கமே அங்கு உணர்த்துகிறது. அத்தகைய படத்தைத் தானியங்கு முறைக்கு உட்படுத்தினால் நிழற்பகுதி கரும்பட்டையாகலாம். அதைத் தவிர்க்க முயன்றால் ஆயிரக்கணக்கான கணுக்களுடன் கோப்பு மூலத்தைவிடப் பெரிதாகலாம்.

கோபுலுவின் படங்களில் இடர் வேறு வகையானது. அவருடைய கோடுகள் குறைவு. அதனாலேயே ஒவ்வொன்றின் வேகமும் முக்கியம். வலக்கை பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பின் அவர் இடக்கையால் வரையப் பழகினார். வழவழப்பாக்கும் அமைப்பைச் சற்றுக் கூட்டினால் ஒரு கைக்கும் மறு கைக்கும் உள்ள வேறுபாடு நீங்கிவிடும். படம் ‘சுத்தமாக’ இருக்கும், வரைந்தவர் இருக்கமாட்டார்.

முன்னுதாரணமும் பொறுப்பும்

மூல ஓவியம் மாறாமல் வாசகரைச் சேர்ந்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை என வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. இதழ் ஓவியங்கள் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்யப்பட்டே அச்சேறின. அதற்கும் முன், 1865இல் வெளிவந்த ஆலிஸ் கதைக்கு ஜான் டென்னியல் வரைந்த படங்களை டால்சியல் சகோதரர்களின் செதுக்குக்கூடம் மரக்கட்டையில் செதுக்கியது. ஆனால் அப்படங்களில் டென்னியலின் முத்திரையோடு டால்சியல் என்ற பெயரும் காணப்படுகிறது. இடையில் ஒரு கை உண்டு என்பது மறைக்கப்படவில்லை.

இன்றைய திசையன் கோப்புகள் பலவற்றில் இந்த நேர்மை குறைவு. மூல ஓவியரின் பெயர் விடுபட்டு, மாற்றியவரின் ‘சொந்தப் படைப்பு’ என்ற குறிப்பே நிற்கிறது. இது மரியாதைக்குறைவு மட்டுமன்று. இந்தியச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை ஓவியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. கோபுலு 2015இல் மறைந்தார். அவர் படத்தின்மேல் கணுக்களை இட்டதால் மட்டும் அது பொதுவுடைமை ஆகிவிடாது.

மதிப்பீடு

திசையனாக்கல் குறையுள்ள முறை அன்று. எல்லை அறியாமல் கையாளப்படும் முறை. கோடு செய்தியைச் சொல்லும் இடத்தில் அதைத் தயக்கமின்றிக் கையாளலாம். கோடே கலையாக நிற்கும் இடத்தில், குறைந்தது 600 டி.பி.ஐ. அளவில் சாம்பல்நிறச் சாயல்களுடன் எடுத்த ஸ்கேன் படமே முதன்மை ஆவணமாக இருத்தல் வேண்டும். திசையன் படம் அதன் அருகில் துணையாக நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்கலாகாது. கோப்பின் குறிப்பில் வரைந்தவர் யார், மாற்றியவர் யார், எந்த வழியில் மாற்றப்பட்டது என்ற மூன்றும் இடம்பெற வேண்டும். தாள் பழுத்து உதிரும் பழைய இதழ்களிலிருந்து படங்களை மீட்போர்க்கு இவ்வொழுங்கு இன்றியமையாதது. தாள் போன பிறகு எஞ்சுவது கோப்பு ஒன்றே; அதில் இல்லாத கோட்டைப் பின்னர் எவராலும் மீட்க இயலாது.