ஐ-சாரான்: மீதம் பிடிக்க முடிந்தவர்களின் திட்டம்

முதலாளி இல்லாமல் உழைப்பவர்கள் ஊழியர் சேமநிதி வாரியத்தில் தாங்களாகவே பணம் போட்டுவர, மலேசிய அரசு 2018-இல் கொண்டுவந்த ஊக்கத்திட்டம் ஐ-சாரான். 2010-இல் இதன் முன்னோடித் திட்டம் தொடங்கியபோது அரசு சேர்த்தது 5 விழுக்காடு, ஆண்டுக்கு 60 வெள்ளிக்கு மேல் இல்லை. 2025-க்குள் அது 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி என்று உயர்ந்தது. இந்த உயர்வே திட்டத்தின் தாராளத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

பணம் பத்திரமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. வழக்கமான கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு சட்டப்படி உறுதி, 2024-இல் 6.3 விழுக்காடு கிடைத்தது. கையில் இருக்கும்போது போடலாம், இல்லாதபோது விட்டுவிடலாம் என்ற வசதியும் உண்டு.

கோளாறு அந்த 500 வெள்ளியில்தான் இருக்கிறது. அதை முழுதாகப் பெற ஆண்டுக்கு 2,500 வெள்ளி, அதாவது மாதம் 208 வெள்ளிக்கு மேல் போட வேண்டும். மாதம் 2,000 வெள்ளி வாங்கும் தொழிற்சாலைத் தொழிலாளியின் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 2,640 வெள்ளி. அவருக்கு முதலாளி போடும் 13 விழுக்காடு 3,120 வெள்ளி ஆகிறது. ஏறக்குறைய அதே தொகையைப் போடும் சொந்தத் தொழிலாளிக்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட வருவதில்லை. மாதம் 50 வெள்ளிதான் முடியும் என்பவருக்கு ஆண்டு முழுவதற்கும் 120 வெள்ளி. ஒன்றுமே மிஞ்சாதவருக்கு ஒன்றுமே இல்லை. முதுமையில் யார் அதிகம் தவிப்பாரோ, அவரே வெளியே நிற்கிறார்.

வாழ்நாள் வரம்பு இன்னும் கொடியது. ஒருவருக்கு அரசு தரும் மொத்தம் 5,000 வெள்ளி. 25 வயதில் தொடங்கி முழுத்தொகையும் போட்டுவருபவருக்கு 35 வயதில் உதவி நின்றுவிடும். 55 வயதுக்குள் தேவைப்படும் அடிப்படைச் சேமிப்பென்று 2019-இல் வாரியமே வகுத்தது 240,000 வெள்ளி.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் சொந்தத் தொழிலாளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பினாங்கு மாநிலச் செபராங் பிறையின் ஜுருவில் கண்ணால் காணலாம். 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஆற்றில் கலந்து மீன்பாடு அழிந்தபோது, கோலா ஜுரு மீனவர்கள் சிப்பி வளர்ப்புக்கு மாறினார்கள். தொழிற்சாலைக்குள் வேலை செய்தவருக்கு முதலாளியின் சேமநிதிப் பங்கு இருந்தது. அந்தக் கழிவால் பிழைப்பை இழந்த மீனவருக்குப் பங்கு போட யாரும் இல்லை. அப்படிப்பட்டவரிடம்தான் இன்று மாதம் 208 வெள்ளி கேட்கப்படுகிறது.

ஏறி இறங்கும் வருமானத்தில் சேமநிதியைக் கட்டாயமாக்க முடியாது என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் பதில். ஆனால் டாக்சி ஓட்டுநர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் விபத்துக் காப்புறுதியை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. அவர்கள் வருமானமும் நாளுக்கு நாள் மாறுவதுதான். விபத்துக்குக் கட்டாயம் பொருந்தியது. முதுமைக்கு மட்டும் விருப்பம் போதும் என்று விட்டதற்கு இந்தப் பதிலில் காரணம் இல்லை.