செங்கம் பக்கத்து நடுகற்கள்

திருவண்ணாமலைக்கு அண்ணாமலையாரைத் தரிசிக்க வருவோரில், செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் வயலோரம் நிற்கும் நடுகற்களை எட்டிப் பார்ப்பவர் குறைவு. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்டவர்களுக்கு நட்ட பலகைக்கற்கள் இவை. பல பல்லவர் காலத்தவை, எழுத்து வட்டெழுத்து. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை வெளியிட்டது.

இவற்றுள் எடத்தனூர்க் கல் தனி ரகம். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக உயிர்விட்ட வீரனின் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். இரு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். வீரனோடு நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்த ஊரை மெச்சத்தான் வேண்டும்.

குடும்பமாகப் போய் இக்கற்களைப் படமெடுக்க உகந்தது காலை அல்லது மாலை. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் தேய்ந்த வில்லும் எழுத்தும் நிழல் பிடித்து எழும்பும். உச்சிவெயிலில் கல் வெறும் பலகை. அப்போது இருவர் போர்வை பிடித்து நிழல் செய்ய, இன்னொருவர் கைவிளக்கைக் கல்லின் ஓரமாகத் தாழ்த்திப் பிடிக்கலாம். எழுத்தில் சுண்ணாம்பு, மாவு தேய்ப்பது கூடவே கூடாது. அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல் போதும். பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற தெய்வமாக மஞ்சளும் குங்குமமும் பூசி வழிபடப்படுவதால், செருப்பைக் கழற்றி, ஊராரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதே முறை.