முன்சக்கரம், பின்சக்கரம்

நாற்பதைத் தாண்டிய பிறகு சைக்கிள் பந்தயத்துக்குப் பழகுகிறவர்களுக்குக் கிடைக்காதது நேரம்தான். ஏழு மணிக்குள் வீடு திரும்பி, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை வேன் ஏற்றியாக வேண்டும். அதனால் சென்னைக்காரர்கள் இருட்டிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்துவிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய வேகத்தைவிட, ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போகிற அந்த வித்தை. சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடும்போது மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நம் முன்சக்கரம் ஓடினால் கால்பங்கு உழைப்பாவது மிச்சம். மாமல்லபுரம் நோக்கிப் போகையில் கடல்காற்று வீசினால் அது இடப்பக்கம் அடிக்கும். அப்போது நேர் பின்னால் இருந்து பயனில்லை, கொஞ்சம் வலப்புறம் ஒதுங்க வேண்டும். முன்னவர் முழங்கையை லேசாக அசைத்தால் ‘என் முறை முடிந்தது, நீ வா’ என்று அர்த்தம். விரல் தரையைக் காட்டினால் பள்ளம். மூச்சு வாங்குகிற நேரத்தில் பேச்சு எதற்கு? தன் முறை வரும்போது நழுவாமல் முன்னே போய்க் காற்றை வாங்கிக்கொள்கிறவரே என் கணக்கில் நல்ல பந்தயக்காரர், எத்தனையாவதாக வந்தாலும் சரி.

வயதைச் சொல்லித் தயங்க வேண்டாம். பிரான்சின் ராபர்ட் மர்ஷான் 2017இல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார்.

அதிகாலையில் அந்தச் சாலையில் காரில் போகிறவர்களே, இந்தச் சைக்கிள்காரர்களைக் கடக்கும்போது தாராளமாக இடம் விடுங்கள். வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.