கவிஞர் கையில் அரசாங்கக் கடிதம்: காயிம் மகாமை எப்படி வாசிப்பது?



'அரசவைக் கவிஞர்' என்று சொன்னதும் நம் மாணவர்கள் மனத்தில் வரும் படம் ஒன்றுதான். மன்னர் சிம்மாசனத்தில் இருப்பார், புலவர் புகழ்ந்து பாடுவார், பொற்கிழி கிடைக்கும். அவ்வளவுதான். "அவங்க எல்லாம் சும்மா முகஸ்துதி செய்றவங்கதானே சார்?" என்று படிவம் நான்கு மாணவன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, ஆமாம் என்று விட்டுவிடவும் முடியாது. இந்தக் கேள்வியை ஈரானின் காஜார் அரசவையில் வைத்துப் பார்க்கலாம். அங்கே கவிஞர்கள் பாடியதோடு நிற்கவில்லை. மாநிலம் ஆண்டார்கள், ஒப்பந்தம் எழுதினார்கள், பிரதமராகவும் இருந்தார்கள்.

ஃபத் அலி ஷா 1797 முதல் 1834 வரை ஆண்டவர். அவரே 'காகான்' என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். அவருடைய ஆட்சிக் காலத்தில் 'இலக்கியத் திரும்புதல்' என்ற போக்கு அரசவையின் ஆதரவோடு வலுப்பெற்றது. முந்தைய தலைமுறைகளின் சிக்கலான, 'இந்தியப் பாணி' எனப்பட்ட நடையை விட்டுவிட்டு, பழைய பெருங்கவிஞர்களின் நடைக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் அதன் கொள்கை. இந்த அவையின் கவியரசர் ஃபத் அலி கான் சபா. கூம், காஷான் நகரங்களுக்கு ஆளுநராகவும் இருந்தவர். ஃபிர்தௌசியின் ஷாநாமாவைப் பின்பற்றி, தம் மன்னரின் வீரத்தைப் பாடும் 'ஷாஹன்ஷாநாமா' என்ற நெடுங்காவியத்தை எழுதினார். அதன் அழகான பிரதிகள் ஐரோப்பாவுக்குப் பரிசாகப் போயின.

இங்கேதான் சிக்கல் வருகிறது. காவியத்தில் ரஷ்யர்களோடு நடந்த போரும் இடம்பெறுகிறது. ஆனால் அந்தப் போர் 1813இல் குலிஸ்தான் ஒப்பந்தத்தில் முடிந்தபோது, ஈரான் காக்கேசியாவில் பெரும் நிலப்பரப்பை இழந்திருந்தது. பாட்டில் வெற்றி, வரைபடத்தில் தோல்வி! சபாவின் மொழித்திறமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காவியம் யாரை நம்ப வைக்க வேண்டியிருந்தது? கேட்பவர் மன்னர். அவர் ஏற்கெனவே நம்பிவிட்டவர். எதிர்ப்பக்கத்தில் மறுத்துப் பேச ஆள் இல்லாத எழுத்து அது. அதன் பலவீனம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இப்போது அதே அவையில் இருந்த இன்னொருவரைப் பாருங்கள். மிர்சா அபுல் காசிம் ஃபராஹானி (1779–1835). 'காயிம் மகாம்' என்பது அவருடைய பட்டம். 1822இல் தந்தை இறந்த பிறகு அந்தப் பட்டமும் பொறுப்பும் இவருக்கு வந்தன. தப்ரீஸ் நகரில் பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சாவின் அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தார். இவரும் கவிஞர்தான். ரஷ்யப் போரில் களத்தை விட்டு ஓடிய பெரிய மனிதரைக் கிண்டலடித்துப் பாட்டு எழுதினார். 'ஜலாயர்நாமா' என்ற நகைச்சுவைக் கவிதையை ஒரு வேலைக்காரர் பேசுவதுபோல எளிய மொழியில் அமைத்தார். பிற்காலக் கவிஞர் ஈரஜ் மிர்சா அதைப் பின்பற்றினார்.

ஆனால் பாரசீக இலக்கியத்தில் இவருடைய பெயர் நிலைத்தது கவிதையால் அல்ல, கடிதங்களால். அந்தத் தொகுப்புக்கு 'முன்ஷாஆத்' என்று பெயர். அந்தக் காலத்து அரசாங்கக் கடிதம் எப்படி இருக்கும் தெரியுமா? பட்டங்கள், அடைமொழிகள், அவற்றுக்கு மேல் இன்னும் அடைமொழிகள். விஷயம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். காயிம் மகாம் அதைக் கத்தரித்தார். வாக்கியங்களைச் சுருக்கினார். சாதியின் குலிஸ்தானைப் போல ஓசை நயத்தோடு எழுதினார். நடுநடுவே பழமொழி, பேச்சு வழக்கு, ஒரு கவிதை வரி என்று சேர்த்தார். உரைநடை வரலாறு எழுதிய மலிக்குஷ் ஷுஅரா பஹார் இவருக்குத் தனி இடம் கொடுத்துப் பாராட்டியிருக்கிறார்.

இவரை 'எளிய நடையின் தந்தை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அரபு மேற்கோள்களும் படித்தவர்களுக்கே புரியும் குறிப்புகளும் இவருடைய கடிதங்களில் நிறைய இருக்கின்றன. இவருடைய சிறப்பை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிர்ப்பக்கம் ஓர் ஆள் இருக்கிறார்: கோபமாக இருப்பவர், பணம் தராதவர், நம்ப மறுப்பவர். அவரை அசைத்தாக வேண்டும். அதனால்தான் அந்த நடையில் உயிர் இருக்கிறது.

இந்தப் பேச்சுத் துணிச்சலுக்கு ஒரு கதை சொல்வார்கள். 1826இல் ரஷ்யாவோடு மறுபடியும் போர் வேண்டுமா என்று அவையில் பேச்சு வந்தது. எல்லாரும் 'வேண்டும்' என்றார்கள். காயிம் மகாம், மன்னரின் வரி வருமானம் எவ்வளவு என்று கேட்டாராம். 6 குரூர் என்றார்கள். ரஷ்ய மன்னருக்கு 600 குரூர். கணக்கே பதில் சொல்லிவிட்டது. அதற்குப் பரிசாக 'ரஷ்யாவின் ஆள்' என்ற பழிதான் கிடைத்தது. போர் நடந்தது, தோல்வியும் வந்தது. 1828இல் துர்க்மன்சாய் ஒப்பந்தப் பேச்சுக்கு அவரையே மறுபடியும் கூப்பிட வேண்டியதாயிற்று. எரிவானும் நக்சிவானும் கைவிட்டுப் போயின, பெரிய இழப்பீடும் தலையில் விழுந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ரஷ்யத் தரப்பில் முக்கியப் பங்கு வகித்தவரும் ஓர் இலக்கியவாதிதான்: நாடக ஆசிரியர் கிரிபோயேதோவ். 1829இல் தெஹ்ரானில் ஒரு கூட்டம் ரஷ்யத் தூதரகத்துக்குள் புகுந்து அவரைக் கொன்றது. ரஷ்ய மன்னருக்கு ஷா அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தை எழுதியவர் காயிம் மகாம். ஓர் எழுத்தாளரின் சாவுக்கு இன்னோர் எழுத்தாளர் அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கிறார். இதை நாம் வாசிக்கும்போது கொஞ்சம் கவனம் தேவை. நயமான சொல் இங்கே உண்மைக்குத் துணை நிற்கிறதா, ஒரு கொலையைப் பூசி மெழுகுகிறதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ரஷ்யா இழப்பீட்டில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தது உண்மை. ஆனால் அப்போது ரஷ்யா உஸ்மானியர்களோடு போரில் இருந்தது, இன்னொரு சண்டை அதற்கு வேண்டாம். எல்லாப் பெருமையையும் கடித நடைக்கே கொடுத்துவிடக் கூடாது.

முடிவு சோகமானது. 1833இல் அப்பாஸ் மிர்சா இறந்தார், அடுத்த ஆண்டு ஃபத் அலி ஷாவும் இறந்தார். அப்பாஸ் மிர்சாவின் மகன் முஹம்மது ஷாவை அரியணை ஏற்றியதில் காயிம் மகாமின் பங்கு பெரியது. அவரே பிரதமரானார். அரண்மனைச் செலவைக் கட்டுப்படுத்தினார், வெளிநாட்டுத் தூதர்களுக்கு வளைந்து கொடுக்கவில்லை. ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. 1835இல் தெஹ்ரானின் நெகாரஸ்தான் தோட்டத்தில் அடைக்கப்பட்டு, மூச்சுத் திணறடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய இரத்தத்தைச் சிந்த மாட்டேன் என்று ஷா சத்தியம் செய்திருந்ததால் இந்த வழியாம். அவருக்குப் பேனாவும் தாளும் கொடுக்கக் கூடாது என்றும் ஷா உத்தரவிட்டதாகச் சொல்வார்கள். அவர் எழுதியதைப் படித்தால் மனம் மாறிவிடுமோ என்ற பயம்! கதையாகவே இருக்கட்டும். அந்த எழுத்துக்கு இருந்த மரியாதையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவருடைய வீட்டுச் சமையற்காரரின் மகன் அங்கேயே படித்து வளர்ந்தார். பின்னாளில் ஈரானின் பெரும் சீர்திருத்தப் பிரதமராகப் பெயர் பெற்ற அமீர் கபீர் அவர்தான். அவரும் 1852இல் அரசாணையால் கொல்லப்பட்டார்.

சரி, இதை வகுப்பில் என்ன செய்வது? அரசவை இலக்கியம் எதை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இதை எழுதியவர் என்ன வேலையில் இருந்தார்? யாருடைய மனத்தை மாற்ற எழுதினார்? எழுதியதற்கு என்ன விலை கொடுத்தார்? சபாவுக்கும் காயிம் மகாமுக்கும் முதல் கேள்வியில் பெரிய வேறுபாடு இல்லை, இருவரும் அரச ஊழியர்கள். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான் பிரிகிறார்கள்.

இன்னொன்று. அலுவல் கடிதம் என்றாலே நம் மாணவர்கள் அனுப்புநர், பெறுநர், 'ஐயா' என்று அமைப்பை மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அமைப்பு வேண்டும்தான், மதிப்பெண் அதற்கும் உண்டு. ஆனால் அடுத்த முறை அந்தப் பாடம் நடத்தும்போது, பெறுநர் மறுக்கக்கூடிய ஒரு வேண்டுகோளைக் கொடுத்துப் பாருங்கள். மறுக்கும் ஆளை நினைத்து எழுதினால் அடைமொழி தானாகக் குறையும், காரணம் தானாக முன்னுக்கு வரும்.