தோம்பில் ஏறாத வீடுகள்

வீடு இழந்தவர்களைப் பற்றி ஓர் ஓவியர் என்ன செய்ய முடியும்? பரிதாபமாக ஒரு படம் போடலாம். பார்க்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அதைச் செய்யவில்லை. போரில் வீட்டை விட்டு ஓடிய தமிழ் பேசும் மக்களிடம் போய், அவர்கள் வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். 2011இல் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்று அது புத்தகமானது. முற்றுப்பெறாத தோம்பு என்று சொல்லலாம்.

தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடு. யாருக்கு எந்தக் காணி என்று அதிகாரம் எழுதிவைத்த ஏடு. சனாதனன் அந்தப் பேரை எடுத்துக்கொண்டு அதிகாரம் எழுதாததை எழுதுகிறார். மக்கள் கைப்படக் கீறிய வரைபடம், அதையே கட்டடக்கலைஞர் முறைப்படி போட்ட படம், அவர்கள் சொன்ன கதை, ஓவியரின் பாஸ்டல் சித்திரம். நாலும் சேர்ந்தால்தான் ஒரு வீடு. கைக்கோடு கோணலாகப் போகிறது, ஸ்கேல் கோடு நேராகப் போகிறது. அதிகாரிக்குப் புரிவது ரெண்டாவது. வாழ்ந்தது முதலாவதில் இருக்கிறது. கலப்பு ஊடகம் இங்கே அலங்காரமில்லை, வாதம்.

நெய்வேலிக்காரனுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதற்கப்புறம் மேல்மண்ணோடு ஊர்களும் பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. அழித்தது யாருடைய வயல் என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயம்தான். அந்த வயலில் நாற்று நட்ட கூலிக்காரி யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

சட்டமும் ரொம்ப காலம் கேட்கவில்லை. 1894ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம், நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்குத்தான் நஷ்டஈடு என்றது. பிழைப்பை இழந்த கூலியும் பாதிக்கப்பட்டவன்தான் என்று எழுத 2013 ஆனது. 1892 அரசாணைப்படி வந்த பஞ்சமி நிலமும் நம்மிடம் தங்கவில்லை. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்கு 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நமக்குத் தோம்பு எப்போதும் முற்றுப்பெறாததுதான்.

இங்கேதான் சனாதனனிடம் ஒரு கேள்வி. வீட்டை வரையச் சொன்னால், வரைய ஒரு வீடு இருந்தவன் முன்னால் வருகிறான். அடுத்தவன் காணியில் குடிசை போட்டிருந்தவன் எதை வரைவான்? வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் பெயர்ந்தவர்களில் வசதியுள்ளவர்கள் வாடகைக்கோ, வெளிநாட்டுக்கோ போனார்கள். மல்லாகம் போன்ற இடங்களின் முகாம்களில் வருஷக்கணக்காகக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அக்கம்பக்கத்து வெள்ளாளர் அவர்களுக்கு நிலம் விற்கத் தயங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குண்டு எல்லோர் வீட்டையும் இடித்தது. இடிந்தபிறகு எங்கே போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. 'இழந்த வீடு' என்ற பொதுச்சொல் இதை மூடிவிடக்கூடாது.

இந்தப் புத்தகத்தைப் பார்த்தபிறகு, மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு ஆயாவிடம் தாளைக் கொடுத்து, "ஒங்க பழைய ஊட்டப் போடு ஆயா" என்றேன். வீட்டைப் போடவில்லை. முதலில் ஒரு கோடு போட்டது. "இதுக்கு அந்தாண்ட நாங்க செருப்பு போட்டுக்கிட்டுப் போவக்கூடாது" என்றது. அப்புறம் கிணறு, அதுவும் தள்ளி நின்ற இடம் மட்டும். குடிசை கடைசியில், விரல்கடை அளவுக்கு. அந்த ஊர் போனதில் வருத்தமா என்று கேட்டேன். "ஊடு போனதுக்கு அழுதேன். கோடு போனதுக்கு எதுக்குடா அழுவணும்?"

இந்த ரெண்டையும் ஒரே தாளில் தாங்குகிற கலை நமக்கு வேண்டும். டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு நம்பர் வந்தபோது, விலாசத்தில் சேரி என்று எழுத வேண்டாம் என்று மூச்சுவிட்டவர்கள் உண்டு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மறுபடி மனை தேடி அலைந்தவர்களும் அவர்களே.

சனாதனன் முறையைக் காட்டிவிட்டார். அதைக் குறைசொல்லி ஒதுக்குவது சோம்பேறித்தனம். சேரியை நினைவில் வைத்திருக்கிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நாம்தான் போக வேண்டும்.