கைம்பெண்ணும் வழக்குரைஞரும்: ‘ஜெய் பீம்’ குறித்துச் சில சிந்தனைகள்

2021 நவம்பர் 2 அன்று இணையவழியே வெளியான ‘ஜெய் பீம்’ திரைப்படத்தைப் பற்றிப் புகழுரைகளும் கண்டனங்களும் வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டன. த.செ. ஞானவேல் இயக்கிய இப்படத்தை நம் அன்பியக் கூட்டங்களிலும் இளைஞர் வட்டங்களிலும் பலர் கண்கலங்கப் பேசக் கேட்டிருக்கிறோம். அப்பேச்சுகளில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் ஏக்கம் ஒன்று உண்டு: ‘நமக்கும் இப்படி ஒரு வக்கீல் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!’ இந்த ஏக்கம் இயல்பானதே. ஆயினும், எம்மனிதரின் பணிவாழ்வை அடிப்படையாகக் கொண்டு இப்படம் எடுக்கப்பட்டதோ, அவருடைய வாழ்வு நமக்குக் கற்பிப்பது இந்த ஏக்கத்தைத்தானா? இக்கேள்வியோடு படத்தை மீண்டும் ஒருமுறை அணுகிப் பார்ப்போம்.

கதை உண்மையில் நிகழ்ந்தது. 1993இல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த முதனை என்னும் சிற்றூரைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்னும் ஏழைத் தொழிலாளி, திருட்டுக் குற்றம் சுமத்தப்பட்டுக் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தப்பியோடிவிட்டார் என்று காவலர் கூறினர். அதை ஏற்க மறுத்த மனைவி பார்வதி, மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சித் தோழர்களின் உதவியோடு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவருக்காக ஆட்கொணர்வு மனுவை நடத்திய வழக்குரைஞர் கே. சந்துரு. திரையில் பார்வதி ‘செங்கேணி’ ஆகிறார். அப்பாத்திரத்தில் லிஜோமோள் ஜோஸ் வாழ்ந்திருக்கிறார். மணிகண்டன் இராசாக்கண்ணுவாகவும், சூர்யா வழக்குரைஞராகவும் நடித்துள்ளனர்.

படத்தின் சிறப்புகளை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. சிறை வாயிலில் விடுதலையாகி வருவோரிடம் சாதியைக் கேட்டு, ஒடுக்கப்பட்டோரை மட்டும் மீண்டும் காவல் வண்டிகளில் ஏற்றும் தொடக்கக் காட்சி, எந்த நீண்ட உரையாடலும் இன்றி நம் சமூகத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது. மேலிடத்து ஆணை வந்தபின், காவலர் தம் வண்டியிலேயே வீட்டில் விடுவதாகக் கெஞ்ச, செங்கேணி அதில் ஏற மறுத்துத் தன் மகளோடு நடந்துபோவதும், வண்டி பின்னால் ஊர்ந்து வருவதும் தமிழ்த் திரையில் அரிதாகக் கிட்டிய காட்சிகளுள் ஒன்று. ஆட்கொணர்வு வழக்கில் சாட்சிகளை விசாரிக்கலாமா என்ற சட்டச் சிக்கல் எழும்போது, கேரளத்தின் இராஜன் வழக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படுகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், காவலர் கொண்டுசென்ற பொறியியல் மாணவர் இராஜனைத் தேடி அவர் தந்தை ஈச்சர வாரியர் நடத்திய வழக்கு அது. மகனை இழந்த ஒரு தந்தையின் விடாமுயற்சி, பல ஆண்டுகளுக்குப் பின் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்ட செய்தியைப் படம் போகிற போக்கில் சொல்கிறது. நாம் நின்று எண்ண வேண்டிய இடம் அது.

நம் பார்வையில் படத்தின் உயிர்நிலை நீதிமன்றக் காட்சிகளில் இல்லை. வழக்கைக் கைவிட்டால் பணம் தருவதாகக் காவல்துறை உயர் அதிகாரி கூறும்போது செங்கேணி மறுக்கும் காட்சியில் இருக்கிறது. தந்தையைக் கொன்றவர்களின் பணத்தில் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்பதே அவள் மறுமொழியின் சாரம். காவல் நிலைய வன்முறையும் ஊழலும் ஒரே செடியின் இரு கிளைகள் என்பதை இக்காட்சி தெளிவாக்குகிறது. அடித்துக் கொன்ற கை, அதை மறைக்கப் பணத்தை நீட்டுகிறது. அப்பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவர் இசைந்துவிட்டால் பிறகு எந்த வழக்குரைஞராலும் ஒன்றும் செய்ய இயலாது.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரையும் மதிக்காத நடுவர் ஒருவர். அவரிடம் ஓயாமல் வந்து நீதி கேட்கும் கைம்பெண் ஒருத்தி. இவ்வுவமையைச் செபத்தில் சோர்ந்துபோகாமை பற்றியது என்றே நாம் பெரும்பாலும் மறையுரை ஆற்றுகிறோம். அது சரியே. ஆனால் அக்கைம்பெண்ணுக்கு வழக்காட எவரும் இல்லை என்பதையும், கையூட்டாகக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை என்பதையும், பரிந்துரைக்கு ஆள் தேடி அவள் அலையவில்லை என்பதையும் நாம் கவனிப்பதில்லை. தன் வழக்கு நியாயமானது என்ற உறுதி ஒன்றே அவளுடைய முதல்.

இங்குதான் படத்தின் குறைகள் புலப்படுகின்றன. கைம்பெண்ணின் கதையாகத் தொடங்கியது, வழக்குரைஞரின் வெற்றிக் கதையாக மெல்லத் திரும்பிவிடுகிறது. அவர் நடந்துவரும் விதத்திலும், பின்னணி இசையின் முழக்கத்திலும் நாயக வழிபாட்டின் பழைய வாசனை வீசுகிறது. உண்மை நிகழ்வில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர்; படம் அவர்களை இருளராக மாற்றிவிட்டது. இருளர் படும் துன்பமும் உண்மையே என்றாலும், போராடிய மக்களின் பெயர் அவர்களுடைய வெற்றியிலிருந்தே நீக்கப்படுவது நியாயமன்று. எல்லாவற்றினும் பெரிய முரண், நல்ல காவல் அதிகாரியாகக் காட்டப்படும் பெருமாள்சாமி, விசாரணையின்போது இந்தியில் பேசும் அடகுக்கடைக்காரரைக் கன்னத்தில் அறைவது. காவலில் அடிபட்டு இறந்தவனுக்காக இரண்டரை மணி நேரம் கண்ணீர் சிந்தச் செய்யும் படம், அந்த ஓர் அறைக்கு நம்மிடம் கைதட்டலை எதிர்பார்க்கிறது. நல்லவர் அடித்தால் தவறில்லை என்னும் எண்ணம்தானே எல்லாக் காவல் நிலைய வன்முறைக்கும் விதை?

வாழ்வில் நாம் காணும் சந்துரு இத்தகைய நாயகர் அல்லர். திருவரங்கத்தில் 1951இல் பிறந்த அவர், மாணவர் போராட்டத்தை முன்னின்று நடத்தியதற்காகச் சென்னை இலயோலாக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்தார். கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்களை நடத்தும் நாம் இச்செய்தியை அடக்கத்தோடு நினைவில் கொள்வது நல்லது. ஏழைகளுக்காக வாதாடிய ‘ராவ் அண்டு ரெட்டி’ அலுவலகத்தில் தொழில் பயின்றார். மனித உரிமை வழக்குகளுக்குக் கட்டணம் பெறாதவர் என்று பெயர் பெற்றார். 2006இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2013 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 96,000 வழக்குகளை முடித்துவைத்தார்.

அவர் தீர்ப்புகளுள் சில பரவலாகப் பேசப்பட்டவை. தந்தைக்குப்பின் கோயிலில் பூசை செய்துவந்த பெண்ணைப் பெண் என்பதற்காகத் தடுக்கலாகாது என்று 2008இல் கூறினார். அது உசிலம்பட்டிப் பகுதியிலிருந்து எழுந்த வழக்கு. சத்துணவு மையப் பணி நியமனங்களில் இட ஒதுக்கீட்டை வலியுறுத்தினார். ஆயினும், நம்மை அதிகம் சிந்திக்க வைப்பவை அவர் மறுத்தவை. தம்மை ‘மை லார்டு’ என்று அழைக்க வேண்டாம் என்றார். செங்கோல் ஏந்திய பணியாளர் முன்செல்வதை வேண்டாம் என்றார். பூ, பழம், சால்வை எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று தம் அறை வாயிலில் அறிவிப்பு வைத்தார். சொத்து விவரத்தை வெளிப்படையாகத் தந்தார். ஓய்வு பெற்ற நாளில் அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார இரயிலில் வீடு திரும்பினார். சால்வை இல்லாத பங்குத் திருவிழா ஒன்றையேனும் நாம் கண்டதுண்டா? ஊழல் பெரும்பாலும் பணப்பெட்டியில் தொடங்குவதில்லை. மரியாதைக்காக நீட்டப்படும் எலுமிச்சம்பழத்தில் தொடங்குகிறது. இதைப் படம் காட்டவில்லை. தினமும் எழுபத்தைந்து வழக்குகளை முடிக்கும் பொறுமையைத் திரையில் காட்டுவது எளிதன்றுதான்.

நம் பேகம்பூருக்கு வருவோம். பள்ளிவாசலின் தொழுகை அழைப்போடு நாள் புலரும் இப்பகுதியில், தோல் பதனிடும் தொழிலையும் அன்றாடக் கூலியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. இசுலாமியர், இந்துக்கள், கிறித்தவர் யாராயினும், காவல் நிலையப் படியேற நேர்ந்தால் முதலில் தேடுவது சட்டத்தை அன்று, ‘தெரிந்த ஆளை’. வட்டச் செயலாளர், சாதிச் சங்கத் தலைவர், பள்ளிவாசல் நிருவாகி, பங்குச் சாமியார் என்று ஒரு பட்டியலே உண்டு. ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று குருக்களிடம் வராத வாரம் இல்லை. வருவோரின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தெரிந்த ஆளால் கிடைக்கும் விடுதலை சலுகையே. நாளை அதே சலுகை, குற்றம் செய்தவனுக்கும் கிடைக்கும். தெரிந்த ஆள் இல்லாதவன் உள்ளேயே கிடப்பான். ‘நமக்கும் இப்படி ஒரு வக்கீல்’ என்ற ஏக்கம், இன்னும் வலிமையான தெரிந்த ஆளைத் தேடும் ஏக்கமாகவே இருந்துவிடக் கூடாது. சலுகையாகச் சுருங்கிப்போனதை உரிமையாக மீட்டுத் தருவதே சந்துரு போன்றோரின் பணி.

யோவான் நற்செய்தியில் தூய ஆவியாரைக் குறிக்கும் ‘துணையாளர்’ என்ற சொல், மூலமாகிய கிரேக்கத்தில் நீதிமன்றத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பவரைக் குறிக்கும் சொல். திருவெளிப்பாட்டு நூலோ அலகையைக் குற்றம் சாட்டுபவன் என்கிறது. பக்கத்தில் நிற்பவர் வாதிக்குப் பதிலாக நிற்பதில்லை. அவர் பேசுவதற்கு வலிமை தருகிறார். தானியேல் நூலில் சூசன்னாவுக்காக எழுந்த இளைஞர், பொய்ச் சாட்சி கூறிய மூப்பர் இருவரையும் தனித்தனியே விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார். அதற்கு முன்பே, இசைந்தால் உயிர் தப்பலாம் என்ற நிலையில் மறுத்தவள் சூசன்னா. அவள் மறுத்திராவிட்டால் தானியேலுக்கு வழக்கே இல்லை.

இப்படம் வெளியாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2021 ஜூலை 5 அன்று, பழங்குடியினரின் உரிமைகளுக்காக உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, பிணை கிடைக்காமலேயே விசாரணைக் கைதியாக இறந்தார். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025இல் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவரும் காவலர் அடித்ததால் உயிரிழந்தனர். 1993 முடிந்துபோன கதையன்று.

1993இல் நம் மாவட்டத்து ஏழை ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாடச் சென்னைக்கே போக வேண்டியிருந்தது. 2004 முதல் மதுரைக் கிளை அருகில் உள்ளது. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் பெற வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞரை அளிக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இவற்றை நம் அன்பியங்களில் படித்துப் பழக வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்டு வருபவருடன் சட்டப் பணிகள் அலுவலகம்வரை ஒருவர் நடந்துபோக வேண்டும். கண்டதைக் கண்டபடி சாட்சி சொல்ல ஒருவரேனும் முன்வர வேண்டும். ‘ஜெய் பீம்’ படத்தைக் குடும்பத்தோடு பாருங்கள். பார்த்தபின் பிள்ளைகளிடம் வழக்குரைஞரைப் பற்றிப் பேசுவதற்கு முன், பணத்தை வேண்டாம் என்ற அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுங்கள்.